ஜாப் கார்டை எப்போது பட்டறைத் தளத்தில் விடுவது?

வணக்கம். ஆர்டர் வந்த அன்றே ஜாப் கார்டு (ஒரு வேலையைத் தொடங்கச் சொல்லும் சீட்டு) போட்டு வேலையைத் தொடங்கியும் பாதி ஷாஃப்டுகள் தேதி தவறியே போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அவசரம்தான் தாமதத்துக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, தளத்தில் நிற்கும் வேலைகளை ஒரு நாளில் முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கும் என்பது தெரிந்துவிடும். உங்களிடம் 60 கார்டுகள் உள்ளன, நாளுக்கு 4 முடிகின்றன. அதாவது 15 வேலைநாள். வாடிக்கையாளருக்கோ 10 நாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். தளத்தில் 32-க்கு மேல் போகாமல் பிடித்தால் 8 நாளில் வெளியே வரும்.

உங்கள் நெரிசல் கிரைண்டிங்கில், அதாவது கடைந்த ஷாஃப்டைத் தேய்த்துத் துல்லியமாக்கும் கட்டத்தில், இருக்கிறது. லேத்தில் எவ்வளவு வேகமாகக் கடைந்தாலும் ஷாஃப்டுகள் கிரைண்டர் முன்னால் டிரேக்களில் அடுக்கிக் கிடக்கும். அடியில் சிக்கிய அவசர வேலையைத் தேடி எடுத்து, வீலை டிரெஸ் செய்து (தேய்க்கும் சக்கரத்தின் முகத்தைச் சீராக்கி), செட்டிங் மாற்றுவதற்குள் பொழுது போய்விடும்.

ஆகவே டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கிரைண்டரில் எந்த நாள் இடம் என்று முதலில் குறியுங்கள். அதற்கு மூன்று நாள் முன்பாக மட்டும் கம்பியை வெட்டக் கொடுங்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு (சூடாக்கிக் கடினப்படுத்த) வெளியே போகும் வேலைகளுக்கு, ஃபர்னஸ் நிரம்பும் வரை அவர்கள் காத்திருப்பார்கள் என்பதால், இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். லேத் ஆபரேட்டர் சும்மா நிற்பதைப் பார்த்தால் மனம் பதறும். அப்போதும், கிரைண்டரிலிருந்து ஒன்று வெளியேறாமல் புதிய கார்டை விடாதீர்கள்.