ஓட்டுநர் இல்லாத ரயிலும் ஓயாத கேள்விகளும்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மாலையில் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு ரயில் ஏறியதிலிருந்து, அவன் கண் மூடும்வரை கேள்விகள்தான். இந்த ரயிலை யார் ஓட்டுகிறார் என்று தினமும் கேட்கிறான். காலையில் தஞ்சாவூர்ப் பாட்டியோடு காணொளியில் பேசினால், அங்கே மட்டும் ஏன் இருட்டு என்கிறான். வேலைக் களைப்பில் சில நாள் “வாயை மூடு” என்று அதட்டிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால் அதிகப்பிரசங்கி ஆகிவிடுவான் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: தினமும் ஒரே கேள்வி என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே பாலர் பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள். திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பதில் மறந்துபோவதில்லை. கிடைத்த பதில் அவன் மனத்தில் இருப்பதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

வடக்கு-கிழக்கு ரயில் பாதை 2003இல் திறக்கப்பட்டபோதே ஓட்டுநர் இல்லாத ரயில்களோடுதான் தொடங்கியது. “யாரும் ஓட்டவில்லை, கணினி ஓட்டுகிறது” என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் முதல் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தின் இருட்டைப் பார்க்கும் பிள்ளைக்கு அது போதுமா? “யார் ஓட்டுவதாக நீ நினைக்கிறாய்?” என்று அவனையே கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆள் இல்லாவிட்டால் யார் நிறுத்துவார் என்ற பயம் வெளியே வரலாம். அப்படியானால், கட்டுப்பாட்டு நிலையத்தில் ஆட்கள் உட்கார்ந்து எல்லா ரயில்களையும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அவசரத்தில் அவர்களோடு பேசுவதற்குக் கதவருகே இருக்கும் பொத்தானைக் காட்டுங்கள். தொடக்கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்!

பாட்டி வீட்டு இருட்டு எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இங்கே காலை 7.30 என்றால் தஞ்சாவூரில் விடியற்காலை 5 மணி. மணிக்கணக்கு அவனுக்கு வேண்டாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பந்தையும் கைவிளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தில் ‘நம் வீடு’ என்று ஒரு பொட்டு, அதற்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளி ‘பாட்டி வீடு’ என்று இன்னொன்று வையுங்கள். விளக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பந்தை மெதுவாக இடமிருந்து வலமாகச் சுழற்றுங்கள். வெளிச்சத்தின் ஓரத்தை நம் பொட்டு முதலில் தொடும். அப்போது பாட்டியின் பொட்டு இருளில்தான் இருக்கும். அடுத்த சுற்றை அவனே சுழற்றட்டும். நீங்கள் வாயால் விளக்கியிருந்தால் இன்னும் பத்துக் கேள்விகள் முளைத்திருக்கும். கையில் பந்து இருக்கும்போது அவன் பதிலைத் தானே தேடிக்கொண்டிருப்பான்.

பதில் தெரியாத கேள்விகளுக்கு “எனக்குத் தெரியவில்லை, சனிக்கிழமை நூலகத்தில் பார்ப்போம்” என்றால் போதும். அந்தச் சனிக்கிழமை மட்டும் தவறக்கூடாது. வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

களைப்பைப் பற்றி: களைப்பைச் சொல்லலாம், தவறே இல்லை. “அம்மாவுக்குக் களைப்பாக இருக்கிறது, குளித்துவிட்டு வந்து கேட்கிறேன்” என்பது நான்கு வயதுக்குப் புரியும். “வாயை மூடு” என்றால் கேள்வியே குற்றம் என்றல்லவா நினைத்துக்கொள்வான்? குளித்து முடித்ததும் நீங்களே போய், “ஏதோ கேட்டாயே, என்ன அது?” என்று தொடங்குங்கள்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். அவரிடம் ஒரு கேள்வியை ஒப்படையுங்கள். இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். இரவில் மாவு கரைத்ததும் பாத்திரத்தின் வெளியே, மாவு நிற்கும் மட்டத்தில் நூல் ஒன்றைக் கட்டிவைக்கட்டும். நம் ஊர் வெக்கையில் காலைக்குள் மாவு நூலைத் தாண்டி ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைத் தின்று காற்றை விடுகின்றன, அந்தக் காற்றுதான் மாவைத் தூக்குகிறது என்பதை மட்டும் முன்னதாக அவரிடம் சொல்லிவையுங்கள். மற்றதைப் பாட்டியும் பேரனும் பார்த்துக்கொள்வார்கள்.