மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரே முகவரி

புது ரவுட்டரை மாட்டியபின் நெட் வரவில்லை, பிரவுசரில் 192.168.1.1 போட்டால் ஒரு தடவை மோடம் பக்கம், ஒரு தடவை ரவுட்டர் பக்கம் வருகிறது என்கிறீர்கள். ரவுட்டரில் குறை இல்லை, இரண்டுக்கும் அதே முகவரி இருப்பதுதான் சிக்கல். மோடத்திலிருந்து ரவுட்டரின் வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டுக்கு வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை ரவுட்டரோடு மட்டும் இணைத்து, ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுக்குள் பயன்படும்) முகவரியை 192.168.50.1 என்று மாற்றிச் சேமியுங்கள். அப்புறம் கேபிளைச் செருகுங்கள். மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிரிண்டர் பழைய வைஃபையிலேயே ஒட்டிக்கொண்டு போனுக்குத் தெரியாது.

படம் பார்க்க, வீடியோ காலில் பேச இவ்வளவு போதும், இரட்டை நாட் (double NAT, மோடமும் ரவுட்டரும் இரண்டுமே முகவரியை மாற்றி அனுப்புவது) என்று பயப்பட வேண்டாம். வீட்டு கேமராவுக்காக வெளியிலிருந்து போர்ட் (இணையம் வழியாக உள்ளே வரும் வழி) திறக்க வேண்டும் என்றால்தான் பிரிட்ஜ் மோடு, அதாவது மோடம் இணைப்பை மட்டும் கடத்திவிட்டு மற்ற வேலையை ரவுட்டரிடம் விடும் அமைப்பு, தேவை. அதற்கு பிபிபிஓஇ (PPPoE, இணைய இணைப்புக்கான லாகின் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலான் (VLAN, இணைப்பைப் பிரித்துக் காட்டும்) எண் மூன்றையும் இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் முதலில் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை (இணையப் பக்க முகவரியை) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்கிறார்கள், பிரிட்ஜ் போட்டாலும் போர்ட் திறக்காது, தனியாக ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான மாறாத பொது முகவரி) கேட்க வேண்டியிருக்கும்.