சூசனை எங்கிருந்து வாசிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி நாட்களில் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, கிடைத்த வரிசையில் சி. எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய நார்னியா நாவல்கள் ஏழையும் வாசித்தவள் நான். விடுதியில் உடனிருந்த தோழிகள் நால்வரும் நானும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைச் சேர்ந்து மறுவாசிப்புச் செய்து, சண்டையும் போட்டுக்கொள்வோம். இம்முறை சண்டை கொஞ்சம் முற்றிவிட்டது. ஒன்பது வயது மகளுக்கு இரவில் வாசித்துக்காட்டுவதற்காகப் புதிய தொகுப்பு ஒன்றை வாங்கினேன். அதில் ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’ முதல் நூல் என்று எண்ணிடப்பட்டிருக்கிறது. லூயிஸே அந்த வரிசையைத்தான் விரும்பினார் என்கிறாள் ஒரு தோழி. என் பழைய பிரதியில் சூனியக்காரியின் ஓநாய்க்கு ஃபென்ரிஸ் உல்ஃப் என்று பெயர், புதியதில் மாக்ரிம். இவற்றில் எது பிழை? இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது, அலமாரி வழியாக நார்னியாவுக்குள் போகும் நான்கு உடன்பிறப்புகளில் ஒருத்தியான சூசன். கடைசி நூலில் உதட்டுச்சாயத்தின் பெயரால் அவளைத் தள்ளிவைத்ததை இருபது வயதில் கவனிக்காமலே கடந்துவிட்டேன். இப்போது முடியவில்லை. அந்த நூலை மட்டும் மகளுக்கு வாசிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கா.
மதுரை

அன்புள்ள கா.,

ஓநாயை முதலில் அனுப்பிவிடுவோம். உங்கள் இரண்டு பிரதிகளிலும் பிழை இல்லை. அமெரிக்கப் பதிப்புக்கான மெய்ப்பைத் திருத்தும்போது லூயிஸே ஓநாயின் பெயரை மாற்றினார்; ஆகவே மேக்மில்லன் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கப் பிரதிகளில் அது ஃபென்ரிஸ் உல்ஃப், பிரிட்டிஷ் பிரதிகளில் மாக்ரிம். 1994இல் ஹார்ப்பர்காலின்ஸ் புதிய பதிப்பைக் கொண்டுவந்தபோது அமெரிக்காவிலும் பிரிட்டிஷ் பாடத்துக்கே திரும்பிவிட்டார்கள். உங்கள் பழைய பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். ‘தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்’ நாவலின் அமெரிக்கப் பழம்பிரதியும் உங்களிடம் இருந்தால், கனவுகள் நனவாகும் அந்த இருள்தீவு அத்தியாயத்தின் முடிவைப் புதிய பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் பாடத்தில், அஞ்சுவதற்கு அங்கே எப்போதுமே எதுவும் இருந்ததில்லை என்று எல்லோரும் உணர்கிறார்கள். அச்சத்தை அவ்வளவு எளிதாகத் துடைத்துவிட முடியாது என்று லூயிஸுக்குப் பின்னர் தோன்றியிருக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்புக்காக அந்த இடத்தை மாற்றி எழுதினார். அந்தத் திருத்தமே மேலானது என்பது என் எண்ணம். ஆனால் இன்று கடைகளில் கிடைப்பது திருத்தப்படாத பாடம்.

இனி வரிசைக்கு வருகிறேன். உங்கள் தோழி சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது அவர் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. 1957இல் ஓர் அமெரிக்கச் சிறுவன் லூயிஸுக்குக் கடிதம் எழுதினான். நூல்களை வெளிவந்த வரிசையில்தான் வாசிக்க வேண்டும் என்பது அவனுடைய அம்மாவின் கட்சி. நார்னியாவின் காலவரிசைப்படி வாசிக்க வேண்டும் என்பது அவனுடையது. லூயிஸ் சிறுவனின் பக்கம் சாய்ந்தார். ஆனால் அந்தப் பதிலை முழுவதும் வாசித்தால், அது தீர்ப்பைப் போல அல்லாமல் குழந்தையிடம் காட்டிய பரிவைப் போலவே ஒலிக்கிறது. முதல் நாவலை எழுதியபோது இன்னொன்றை எழுதப்போகிறோம் என்றே தமக்குத் தெரியாது என்றும், மூன்றாவதை முடித்தபோது அதுவே கடைசி என்று உறுதியாக நம்பியதாகவும், ஆகவே எந்த வரிசையில் வாசித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அதில் சொல்கிறார். 1994ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்கள் இந்தக் கடிதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு போடப்பட்டவை.

உண்மையில் இரண்டல்ல, மூன்று வரிசைகள் உள்ளன. 1950இல் ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ தொடங்கி 1956இல் ‘தி லாஸ்ட் பேட்டில்’ வரை ஆண்டுக்கொன்றாக வெளிவந்தது ஒன்று. நார்னியாவின் பிறப்பிலிருந்து அழிவு வரையிலான கதைக்காலம் இன்னொன்று. மூன்றாவது, லூயிஸ் எழுதிமுடித்த வரிசை. அதன்படி ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ ‘தி சில்வர் சேர்’ நாவலுக்கு முந்தியது, உங்கள் புதிய தொகுப்பில் முதலாவதாக நிற்கும் ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’வோ எல்லாவற்றுக்கும் கடைசியாக முடிக்கப்பட்டது. ஆசிரியர் ஆறு நாவல்களை எழுதி முடித்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்ன தொடக்கம் அது. அதை முதலில் வைப்பது, பேரன் பேத்தி எடுத்தவர் தம் பிறப்பைப் பற்றிச் சொல்வதை அவர் குழந்தையாக இருந்தபோதே கேட்டதாக எண்ணிக்கொள்வதைப் போன்றது.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாவலில், அலமாரிக்குள் தொங்கும் மென்மயிர்க் கோட்டுகளை விலக்கிக்கொண்டு செல்லும் சூசனின் தங்கை லூசியின் காலடியில் பனி நொறுங்குகிறது. மரக்கிளைகள் முகத்தில் உரசுகின்றன. சற்று நடந்ததும் காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. காட்டுக்குள் தெருவிளக்கு எதற்கு என்று அவள் வியந்து நிற்கும்போது, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் பொட்டலங்களுமாக, ஆட்டுக்கால்கள் கொண்ட ஃபான் ஒருவர் வருகிறார். ஏறத்தாழ பதினாறு வயதிலிருந்தே இந்தக் காட்சி தம் மனத்தில் இருந்ததாகவும், நாற்பது வயதளவில்தான் அதை வைத்துக் கதை செய்ய முனைந்ததாகவும் லூயிஸ் எழுதியிருக்கிறார். அந்த விளக்கு ஏன் அங்கே இருக்கிறது என்பது லூசிக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது, அநேகமாக அப்போது லூயிஸுக்கும் தெரியாது. அந்த மூன்று அறியாமைகளும் சேர்ந்துதான் அந்தப் பக்கத்தை ஒளிரச்செய்கின்றன. ஐந்தாண்டுகள் கழித்து ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’வில் விடை வருகிறது. லண்டன் தெருவிளக்கிலிருந்து சூனியக்காரி ஜாடிஸ் பிய்த்தெடுத்த இரும்புத் தண்டு, அப்போதுதான் பிறந்த மண்ணில் விழுந்து, செடியைப் போல வளர்ந்து விளக்காகிறது. அருமையான விடைதான். ஆனால் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்த வாசகருக்கே அது விடை. முதலில் இதை வாசித்துவிட்ட குழந்தைக்கு, லூசி வியந்து நிற்கும் இடத்தில் தனக்கு முன்பே தெரியும் என்ற சிறு பெருமை மட்டுமே மிஞ்சும். முதல் நாவலில் அஸ்லான் என்ற சிங்கத்தின் பெயர் முதன்முதலாகச் சொல்லப்படும்போது, அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாததைப் போலவே அந்தக் குழந்தைகளுக்கும் தெரியாது என்கிறார் கதைசொல்லி. எண்ணிட்ட வரிசையில் வந்த வாசகரிடம் அந்த வாக்கியம் பொய்யாகிவிடுகிறது.

உங்கள் மகளுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லூயிஸின் தாய் புற்றுநோயால் இறந்தது 1908இல். அப்போது அவருக்கும் ஒன்பது வயதுதான். ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’வின் சிறுவன் டிகோரியின் தாய் படுத்த படுக்கையாக இருக்கிறார். அம்மாவைக் குணப்படுத்த ஏதாவது தருவீர்களா என்று அஸ்லானிடம் கேட்கும்போது, அதுவரை சிங்கத்தின் பாதங்களையும் நகங்களையுமே பார்த்துக்கொண்டிருந்த டிகோரி முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்க்கிறான். சிங்கத்தின் கண்களில் பெரிய கண்ணீர்த்துளிகள் நிற்கின்றன. தன் தாய்க்காகத் தன்னைவிட அவரே அதிகம் வருந்துகிறார் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றுகிறது. அஸ்லானோடு ஐந்து நாவல்கள் பழகிய பிறகு வாசித்தால் இந்த இடம் நம்மை உலுக்கிவிடும். முதல் இரவுகளிலேயே வாசித்தால், அழும் சிங்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்துவிடுவோம். ஆகவே உங்கள் பெட்டியின் எண்களைப் பொருட்படுத்தாமல், வெளிவந்த வரிசையிலேயே வாசித்துக்காட்டுங்கள்.

சூசனைப் பற்றிய கேள்வியும் இதே வரிசைக் கேள்விதான் என்பது என் துணிபு. முதன்முறை வாசிப்பவர் சூசனை அலமாரியின் வழியாகச் சந்திக்கிறார். மறுவாசிப்பவரோ அவளைக் கடைசி நூலின் பன்னிரண்டாவது அத்தியாயத்திலிருந்து பின்னோக்கியே வாசிக்கிறார். நமக்கு வேறு வழியில்லை, முடிவு தெரிந்துவிட்டது. உடனே நாம் துப்பறிவாளர்களாகி, ஆரம்பத்திலேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றவள் அவள்தானே, வயதுக்கு மீறிய பெரியவளாக நடந்துகொள்கிறாள் என்று ‘டான் ட்ரெடர்’ தொடக்கத்தில் ஒரு வரி வருகிறதே என்று தடயங்களைப் பொறுக்கத் தொடங்குகிறோம். உங்கள் தோழிகளும் இப்படித்தான் வாதாடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அப்படிப் பொறுக்கும்போது கையில் சிக்காதவை பல. அஸ்லான் தன் மரணத்தை நோக்கி நடந்த இரவில் அவரோடு சென்றவர்கள் சகோதரர்களான பீட்டரும் எட்மண்டும் அல்லர், லூசியும் சூசனும்தான். சிங்கத்தின் பிடரிமயிரில் கைகளைப் புதைத்துக்கொண்டு நடந்தவள் சூசன். ‘பிரின்ஸ் காஸ்பியன்’ நாவலில் வில்வித்தைப் போட்டியில் ட்ரம்ப்கின் என்ற குள்ளரை வெல்லும்போது, ஏற்கெனவே ஒருமுறை தோற்றவரை மறுபடியும் தோற்கடிக்கிறோமே என்று அவள் மனம் வருந்துகிறது. அதே நாவலின் பதினோராவது அத்தியாயத்தில் ஓர் இடம் இருக்கிறது. என் பிரதியில் நான் பென்சிலால் கோடிட்டது அதை மட்டும்தான். அஸ்லானைக் கண்டதாகச் சொன்ன லூசியை மற்றவர்களோடு சேர்ந்து அவளும் நம்ப மறுத்தவள். பிறகு தங்கையிடம் வந்து, உள்ளுக்குள் நானும் அது அவர்தான் என்று நம்பினேன், அல்லது நம்புவதற்கு என்னை விட்டிருந்தால் நம்பியிருப்பேன், காட்டை விட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது என்று ஒப்புக்கொள்கிறாள். ஏழு நாவல்களிலும் இவ்வளவு நேர்மையான தன்னறிவு வேறெந்தக் குழந்தைக்கும் வாய்க்கவில்லை. அஸ்லான் அவளைக் கண்டிக்கவில்லை. நீ அச்சங்களுக்குச் செவிகொடுத்துவிட்டாய் என்று சொல்லி, அவள்மேல் மூச்சை ஊதி, மறுபடி துணிவு வந்ததா என்று கேட்கிறார். கொஞ்சம் வந்திருக்கிறது என்கிறாள். அந்த நாவலின் முடிவில்தான் அவளுக்கும் பீட்டருக்கும் வயது கடந்துவிட்டது, இனி நார்னியாவுக்கு வர முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இத்தனையும் எழுதியவர்தான் கடைசி நூலில் அவளை அரைப்பக்க உரையாடலில் முடித்துவிடுகிறார். அவள் இனி நார்னியாவின் தோழி அல்ல என்று பீட்டர் சுருக்கமாகச் சொல்கிறான். சிறுவயதில் நாம் விளையாடிய அந்த வேடிக்கை விளையாட்டுகளையெல்லாம் இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவள் சொன்னதாக அவர்களின் உறவுப் பையன் யூஸ்டஸ் சொல்கிறான். நைலான் காலுறைகள், உதட்டுச்சாயம், விருந்தழைப்புகள் என்ற பட்டியல் யூஸ்டஸின் பள்ளித்தோழி ஜில்லின் வாயிலிருந்து வருகிறது. அவள் உண்மையிலேயே வளர்ந்தால் நன்றாயிருக்கும் என்கிறார் டிகோரியின் பால்யத் தோழி பாலி. கவனியுங்கள், இவர்களில் அஸ்லான் இல்லை, கதைசொல்லியும் இல்லை. இது தீர்ப்பு அல்ல, கூடியிருக்கும் இடத்தில் இல்லாதவளைப் பற்றி உறவினர்கள் பேசும் பேச்சு. ஒரு திருமண வீட்டில் அமர்ந்து கேட்டாலும் இதே தொனிதான் காதில் விழும்.

எழுத்தாளர் பிலிப் புல்மன் 1998இல் எழுதிய கட்டுரை முதல், வளர்ந்துவிட்ட குற்றத்துக்காகச் சூசன் சொர்க்கத்திலிருந்து விலக்கப்பட்டாள் என்று பலர் சொல்லிவருகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் விலக்கப்படவில்லை, அவள் சாகவே இல்லை. கடைசி நூலில் வரும் ரயில் விபத்தில் இறந்தவர்கள் மற்றவர்கள். லூயிஸ் எழுதிவைத்த காலவரிசைக் குறிப்பின்படி சூசன் பிறந்தது 1928, விபத்து 1949. இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தி ஒரே நாளில் தாய், தந்தை, அண்ணன், தம்பி, தங்கை, உறவுப் பையன் யூஸ்டஸ் அனைவரையும் இழந்து இங்கிலாந்தில் தனியாக நிற்கிறாள். நூலோ அவளுக்கு ஒரு வரிகூட ஒதுக்காமல் மேலே, மேலே என்று ஓடிவிடுகிறது. உதட்டுச்சாயத்தைவிட எனக்கு ஆறாதது இதுதான். இது கொள்கைக் குற்றம் அல்ல, எழுத்துக் குற்றம். முடிவை நோக்கிய வேகத்தில் ஒரு பாத்திரத்தை நடைமேடையிலேயே விட்டுவிட்டுப் போன குற்றம். எழுத்தாளர் நீல் கெய்மன் 2004இல் ‘தி பிராப்ளம் ஆஃப் சூசன்’ என்ற சிறுகதையை இந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார். அதை மகளுக்கு வாசித்துக்காட்டிவிடாதீர்கள், பெரியவர்களுக்கானது.

‘தி லாஸ்ட் பேட்டில்’ நாவலை ஒதுக்க வேண்டாம். அதைத் தவிர்த்தால் உங்கள் மகளுக்கு முடிவு மட்டுமல்ல, நம்மைப் போல் சண்டையிடும் உரிமையும் இல்லாமல் போய்விடும். ஆனால் அந்த அரைப்பக்கத்தை வாசிக்கும்போது, யார் பேசுகிறார்கள் என்பது தெளிவாகக் கேட்கும்படி ஒவ்வொருவரின் குரலையும் சற்று மாற்றி வாசியுங்கள். பிறகு சூசன் என்ன ஆனாள் என்று அவள் கேட்கக்கூடும். லூயிஸிடமும் குழந்தைகள் அதைக் கேட்டிருக்கிறார்கள். 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய பதிலில், அவள் மனம் திருந்தக் காலம் நிறைய இருக்கிறது, தனக்கே உரிய வழியில் அஸ்லானின் நாட்டை அவள் அடையவும் கூடும் என்றார். 1960இல் எழுதிய இன்னொரு கடிதத்தில், சூசன் அங்கே சென்று சேரும் கதையைத் தம்மால் எழுத இயலாது, அது தாம் எழுத விரும்பியதைவிட நீளமானதாகவும் பெரியவர்களின் நாவலைப் போன்றதாகவும் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு, நீங்களே ஏன் அதை எழுதிப் பார்க்கக் கூடாது என்று கேட்டிருந்தார். உங்கள் மகள் கேட்கும் இரவில், ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.