வாசகர் கேட்டவை: இறைப்பெயர்களும் திருப்பட்டங்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல கடவுளின் பெயர்களையும் இயேசுவின் பட்டங்களையும் பற்றியவை என்பதால், அவற்றுக்கே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, ‘கர்த்தர்’ என்பது பட்டமே அன்றிப் பெயர் அல்ல என்றும், ‘யாவே’ என்னும் உண்மையான பெயரைச் சரியாக உச்சரித்தால்தான் ஜெபம் கேட்கப்படும் என்றும் எங்கள் ஊருக்கு வந்த ஊழியர் ஒருவர் போதித்தார். சிறுவயது முதல் ‘கர்த்தாவே’ என்று அழைத்துவந்த எங்கள் ஜெபங்கள் வீணாயினவா? (நாகர்கோவில் வாசகர்)

வீணாகவில்லை. அவர் சொன்னதில் முற்பகுதி சரி. பிற்பகுதிக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

எபிரேய வேதத்தில் கடவுளின் தனிப்பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்பட்டு, ஏறத்தாழ 6,800 இடங்களில் வருகிறது. பழைய எபிரேய எழுத்துமுறையில் உயிரொலிக் குறிகள் இல்லாததால், வாசிப்பவரே அவற்றைத் தம் நினைவிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். “உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக” என்னும் கட்டளைக்கு அஞ்சிய யூதர்கள் காலப்போக்கில் அப்பெயரை வாயால் சொல்வதையே தவிர்த்து, அது வரும் இடங்களில் ‘ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘அதோனாய்’ என்று வாசிக்கலாயினர். பாவநிவிர்த்தி நாளன்று எருசலேம் ஆலயத்தில் பிரதான ஆசாரியர் அப்பெயரை உச்சரித்ததாக யூதரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா கூறுகிறது; கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின் அதுவும் நின்றுபோயிற்று. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மசோரேத்தியர் எனப்பட்ட யூத அறிஞர்கள் வேதப்படிகளில் உயிர்க்குறிகளை இட்டபோது, அந்த நான்கு எழுத்துகளின்மேல் ‘அதோனாய்’ என்பதன் குறிகளையே பொறித்தார்கள். வேறு சொல்லை வாசிக்க வேண்டும் என்று வாசகருக்கு நினைவூட்டுவதே அவர்கள் நோக்கம். இதை அறியாத பிற்காலக் கிறிஸ்தவர்கள் ஒன்றின் மெய்யையும் மற்றொன்றின் உயிரையும் கூட்டி வாசித்ததால் பிறந்ததே ‘யேகோவா’ என்னும் ஒலிவடிவம். ‘யாவே’ என்பது, சமாரியர் அப்பெயரை எவ்வாறு ஒலித்தனர் என்று தியோதொரேத்து போன்ற பழங்காலத் திருச்சபை ஆசிரியர்கள் கிரேக்க எழுத்தில் குறித்துவைத்ததையும் வேறு சான்றுகளையும் கொண்டு அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம். அது பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு மீட்டுருவாக்கத்தின்மேல் எவருடைய ஜெபத்தின் பலனையும் தொங்கவிட முடியாது.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்பதே இங்கே முடிவான சான்று. நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் படிகள் எதிலும் அந்த எபிரேயப் பெயர் எழுதப்படவில்லை. ‘ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘கூரியோஸ்’ என்னும் சொல்லே இருக்கிறது. “கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்” என்று யோவேலின் தீர்க்கதரிசனத்தைப் பவுல் ரோமர் 10:13-இல் எடுத்தாளும்போது, நான்கெழுத்துப் பெயர் இருந்த இடத்தில் ‘கூரியோஸ்’ என்றே எழுதி, அதை இயேசுவைக் குறித்தே சொல்கிறார். பவுலின் ஜெபம் கேட்கப்படவில்லை என்று அந்த ஊழியரும் சொல்லமாட்டார் என நம்புகிறேன்.

நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டை மறைத்துவிடவும் இல்லை. “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி” என்று தொடங்கும் 110-ஆம் சங்கீதத்தில் ‘கர்த்தர்’ என்பது நான்கெழுத்துப் பெயருக்காகவும், ‘ஆண்டவர்’ என்பது பொதுவான பட்டத்துக்காகவும் நிற்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை ‘யாவே’ என்னும் வடிவத்தை வழிபாட்டிலும் பாடல்களிலும் ஒலிக்க வேண்டாம் என்று 2008-இல் வத்திக்கானிலிருந்து அறிவுறுத்தியதற்கும் இந்த நீண்ட மரபே காரணம். இதற்குப் பிறகும் அப்பெயரை வாயால் சொல்லியே ஆகவேண்டும் என்று விரும்புகிறவர்கள் ‘அல்லேலூயா’ என்று சொல்லலாம். ‘யா’ என்னும் அதன் இறுதி அசை அப்பெயரின் சுருக்கமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, தம் பெயரைக் கடவுளே அறிவித்துக் கூறும் யாத்திராகமம் 34:6-ஐத் தாங்கள் வாசிக்க வேண்டும். “கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்” என்பதே அந்த அறிவிப்பு. எப்படி உச்சரிப்பது என்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றியே சொல்லப்பட்டிருக்கிறது. மோசே அப்போது கன்றுக்குட்டியை வணங்கிய ஜனத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து வாசித்தால், அந்தப் பெயரை ஏன் அந்த வேளையில் அவர் கேட்க வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

கேள்வி: எங்கள் ஆலயச் சுவரில் ‘யேகோவா யீரே’, ‘யேகோவா நிசி’, ‘யேகோவா ஷாலோம்’, ‘யேகோவா ஷம்மா’ முதலியவை கடவுளின் நாமங்கள் என்று எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு தேவைக்கும் உரிய நாமத்தைச் சொல்லி ஜெபிக்க வேண்டுமா? (தூத்துக்குடி வாசகர்)

தாங்கள் குறிப்பிட்ட நான்கும், வேதத்தில் வரும் இடங்களில், கடவுளுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் அல்ல. மோரியா மலையில் ஈசாக்குக்குப் பதிலாக ஆட்டுக்கடா கிடைத்த இடத்துக்கு ஆபிரகாம், ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ எனப் பொருள்படும் ‘யேகோவாயீரே’ என்று பேரிட்டார் (ஆதியாகமம் 22:14). அமலேக்கியரோடு நடந்த போருக்குப் பின் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர் ‘கர்த்தர் என் கொடி’ எனப் பொருள்படும் ‘யேகோவாநிசி’ (யாத்திராகமம் 17:15). ‘கர்த்தர் சமாதானம்’ எனப் பொருள்படும் ‘யேகோவா ஷாலோம்’, செத்துப்போவோம் என்று அஞ்சிய கிதியோன் ஒப்ராவிலே கட்டிய பலிபீடத்தின் பெயர் (நியாயாதிபதிகள் 6:24). ‘கர்த்தர் அங்கே இருக்கிறார்’ எனப் பொருள்படும் ‘யேகோவா ஷம்மா’ என்பதோ, பாபிலோனில் சிறைப்பட்டிருந்த எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட நகரத்துக்கு உரிய பெயர். அவருடைய நூலே அந்தச் சொல்லோடுதான் முடிகிறது (48:35).

அப்படியானால் இவற்றைப் பாடுவது தவறா என்றால், தவறில்லை. இடத்துக்கு இட்ட பெயரும் அங்கே நடந்ததைச் செய்தவரையே நினைவுபடுத்துகிறது. ஆயினும் மருந்துக்கடை அலமாரியில் நோய்க்கேற்ற புட்டியை எடுப்பதுபோல, பணத்துக்கு ஒரு நாமம், வழக்குக்கு ஒரு நாமம் என்று எடுத்துப் பயன்படுத்துவதற்காக அவை தரப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வின் நினைவுக்கல். மோரியா மலையை விட்டுவிட்டு ‘யீரே’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், மகனையே கொடுக்கத் துணிந்த தகப்பனின் கதை மறைந்து, வீட்டுக்கடன் கிடைப்பதற்கான வாக்குறுதி மட்டுமே எஞ்சுகிறது.

சுவரில் இடம் இருந்தால் ஆதியாகமம் 16:13-ஐயும் எழுதச் சொல்லுங்கள். “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்று கடவுளுக்கே பேரிட்டதாக அங்கே சொல்லப்படுகிறது. பேரிட்டவள் ஆபிரகாமோ மோசேயோ அல்ல. எஜமானியின் கொடுமை தாங்காமல் கர்ப்பவதியாய் வனாந்தரத்துக்கு ஓடிப்போன எகிப்திய அடிமைப்பெண் ஆகார். நம்முடைய பட்டியல்களில் அவள் இட்ட பெயர் அரிதாகவே காணப்படுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருந்துவருகிறது.

கேள்வி: ‘கிறிஸ்து’ என்பது இயேசுவின் குடும்பப் பெயரா? (கோயம்புத்தூர் மாணவர்)

இல்லை. அது பட்டம். ‘அபிஷேகம் செய்யப்பட்டவர்’ எனப் பொருள்படும் ‘மேசியா’ என்னும் எபிரேயச் சொல்லின் கிரேக்க வடிவமே அது என்பதை யோவான் 1:41 தானே விளக்கிவிடுகிறது. ஆசாரியரும் அரசரும் எண்ணெயால் அபிஷேகம் பெற்றார்கள். பாரசீகப் பேரரசரான கோரேசைக்கூட ஏசாயா 45:1 அபிஷேகம் பெற்றவர் என்று அழைக்கிறது. ‘இயேசு’ என்பதே அவருடைய இயற்பெயர், அதுவும் அக்காலத்தில் பலருக்கும் வழங்கிய பெயர். யோசுவாவின் பெயரும் அதுவே. கொலோசெயர் 4:11-இல் யுஸ்து என்னப்பட்ட ஓர் இயேசு வருகிறார். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தின் சில பழைய கையெழுத்துப் படிகளில் பரபாசின் பெயரும் ‘இயேசு பரபாஸ்’ என்றே காணப்படுகிறது. அந்தப் படிகளில் உள்ளது சரியாக இருக்குமானால், பிலாத்துவின் முற்றத்தில் கூட்டம் இரண்டு இயேசுக்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது.

கேள்வி: ‘தேவகுமாரன்’ என்பது இயேசுவின் தெய்வத்தன்மையையும் ‘மனுஷகுமாரன்’ என்பது அவருடைய மனிதத்தன்மையையும் குறிப்பதாக ஞாயிறு பள்ளியில் கற்றோம். இது சரிதானா? (யாழ்ப்பாண வாசகி)

பிற்காலத் திருச்சபையின் போதனையாக அதில் பிழை இல்லை. ஆனால் சுவிசேஷங்களை அந்த விளக்கத்தோடு மட்டும் வாசித்தால் பல இடங்கள் புரியாமல் போகும். ஏனெனில் அன்றைய யூதரின் காதில் இவ்விரு பட்டங்களும் ஏறக்குறைய நேர்மாறாகவே ஒலித்திருக்கக்கூடும்.

பழைய ஏற்பாட்டில் கடவுளின் குமாரன் என்பது இஸ்ரவேல் மக்களைக் குறிக்கிறது (யாத்திராகமம் 4:22). தாவீதின் வழிவந்த அரசனைக் குறிக்கிறது (2 சாமுவேல் 7:14). யோபின் நூலில் வானத்துச் சபையில் நிற்கிறவர்களையும் குறிக்கிறது. ஆகவே ஓர் அரசனை அப்படி அழைப்பது அன்றைய யூதருக்குப் புதியதன்று. ‘மனுஷகுமாரன்’ என்பதற்கோ இரண்டு பின்னணிகள் உள்ளன. எசேக்கியேலைக் கடவுள் அழைக்கும்போது அது ‘அற்ப மனிதனே’ என்னும் அளவிலேயே நிற்கிறது. தானியேல் 7:13-இலோ மனுஷகுமாரனைப்போன்ற ஒருவர் வானத்து மேகங்களுடனே வந்து, சகல ஜாதிகள்மேலும் அழியாத கர்த்தத்துவத்தைப் பெறுகிறார். பிரதான ஆசாரியர் முன்பாக இயேசு நின்றபோது (மாற்கு 14:62), மனுஷகுமாரன் வல்லமையின் வலதுபாரிசத்தில் வீற்றிருப்பதையும் மேகங்கள்மேல் வருவதையும் காண்பீர்கள் என்று அவர் சொன்ன மாத்திரத்தில் ஆசாரியர் தம் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். நான் மனிதன்தான் என்று ஒருவர் தாழ்மையாகச் சொன்னதற்கு யாரும் வஸ்திரத்தைக் கிழிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுவிசேஷங்களில் இந்தப் பட்டம் ஏறக்குறைய எப்போதும் இயேசுவின் வாயிலிருந்தே வருகிறது. பவுல் தம் நிருபங்களில் அதை ஒருமுறைகூட அவருக்குப் பயன்படுத்தவில்லை. கல்லெறியப்படும் வேளையில் ஸ்தேவான் சொன்னது (அப்போஸ்தலர் 7:56) அரிதான விலக்கு. ‘மேசியா’ என்றால் ரோமருக்கு எதிரான வாள் நினைவுக்கு வந்த காலத்தில், தாழ்வையும் மகிமையையும் ஒருங்கே தாங்கக்கூடிய ஒரு சொல்லை அவர் தமக்கெனத் தெரிந்துகொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இயேசு ‘அப்பா’ என்று அழைத்தது தமிழ்ச் சொல்லா? (மதுரை வாசகர்)

அன்று. மாற்கு 14:36-இல் வருவது ‘அப்பா’ என்னும் அரமேயச் சொல். ஒலி ஒற்றுமை தற்செயலானது. அது மழலைச் சொல் என்று பிரசங்கங்களில் கூறப்படுவதும் மிகையே. வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படியே அழைத்தார்கள் என்பதை வேத அறிஞர் ஜேம்ஸ் பார் 1988-இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

கேள்வி: ஒரே கடவுளைக் கத்தோலிக்கர் ‘சர்வேசுரன்’ என்றும் நாங்கள் ‘தேவன்’ என்றும் சொல்வது ஏன்? என் பாட்டியார் ‘பராபரன்’ என்றே சொல்வார். (தஞ்சாவூர் வாசகி)

தங்கள் வீட்டிலேயே தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாறு இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ஹென்றிக்கஸ் பாதிரியாரின் சிறு நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. அன்று கடவுள் ‘தம்பிரான்’. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலியின் வழியில் ‘சருவேசுரன்’ நிலைபெற்று, அதுவே கத்தோலிக்கரின் பழைய மன்றாட்டுகளில் ‘சர்வேசுரன்’ என நின்றது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கும் அந்தச் சொல்லை வழங்கினார். அந்த மிஷனின் வழிவந்த பப்ரிசியுஸ் தம் வேதமொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்பதைக் கொண்டார். லுத்தரன் சபையார் நெடுங்காலம் அதைக் கைவிடவில்லை. தங்கள் பாட்டியாரின் சொல் அங்கிருந்து வந்திருக்கலாம். பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியுஸ் ‘தேவன்’ என்பதைக் கொண்டார். 1871-இன் திருத்திய மொழிபெயர்ப்பு அதையே நிலைநிறுத்தியது.

ஒவ்வொன்றுக்கும் விலை இருந்தது. ‘பராபரன்’ ஒருவரையே குறிக்கும் உயர்ந்த சொல். ஆனால் “வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்” என்னும் கட்டளையில், மெய்யான கடவுளுக்கும் மற்றவற்றுக்கும் எபிரேயத்தில் உள்ளதுபோல் ஒரே சொல் வேண்டியிருக்கிறது. அதற்குத் ‘தேவன்’ எளிதில் இடம் கொடுத்தது. மறுபுறம், அது தமிழில் இந்திரன் முதலிய சிறுதெய்வங்களுக்கும் உரிய சொல் என்ற ஆட்சேபம் எழுந்தது. ரேனியுஸின் திருத்தங்களைத் தஞ்சையின் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். வாயில் பழகிய வேதவசனத்தை வெளியிலிருந்து வந்தவர் மாற்றுவதா என்னும் வருத்தம் அதில் இருந்தது. அந்த வருத்தம் நியாயமானதே. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் வருகின்றன.

கேள்வி: ஜெபத்தின் முடிவில் ‘இயேசுவின் நாமத்தில்’ என்று சொல்ல மறந்துவிட்டால் ஜெபம் சென்றடையுமா? (திருநெல்வேலி வாசகர்)

இயேசு கற்பித்த ஜெபத்திலேயே அந்தச் சொற்கள் இல்லை. “என் நாமத்தினாலே நீங்கள் எதைக் கேட்டாலும்” என்று யோவான் 14-இல் அவர் கூறியது, அவரைச் சேர்ந்தவர்களாக, அவருடைய நோக்கத்துக்கு இசைந்து கேட்பதைப் பற்றியது. எபேசுவில் ஸ்கேவாவின் குமாரர் எழுவர் அந்த நாமத்தைப் பிழையில்லாமலே உச்சரித்துப் பிசாசை ஓட்டப் பார்த்தார்கள். “இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்” என்று கேட்ட ஆவியிடம் அடிபட்டு, அவர்கள் காயத்தோடு ஓடிப்போனதை அப்போஸ்தலர் 19 கூறுகிறது. ஆகையால் அச்சொற்களைச் சொல்லும் வழக்கத்தைத் தொடருங்கள். ஒருநாள் மறந்துவிட்டால், ஜெபத்தை முதலிலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டியதில்லை.