கதவுக்கு வெளில யாரு உக்காந்திருக்கா?

கேள்வி: எனக்கு வயசு 44. ரெண்டு வருஷமா தலைசுத்தல். படுக்கையில இடது பக்கம் திரும்பினா போதும், ரூமே ராட்டினம் மாதிரி சுத்தும், அரை நிமிஷத்துல நின்னுடும், ஆனா அன்னிக்குப் பூரா வாந்தி வர்ற மாதிரியே இருக்கும். முதல் தடவை வந்தப்போ டாக்டர் அஞ்சு நாளைக்குன்னு மாத்திரை குடுத்தாரு, அதையே இன்னி வரைக்கும் வாங்கிப் போட்டுக்கறேன். மூணு தலகாணி வச்சு சாஞ்சுதான் தூங்கறேன். வெளில தெரியாத வியாதி, சொன்னா நடிக்கிறேன்னு நெனப்பாங்க. வீட்டுக்காரருக்கு ஏற்கனவே ஆபீஸ் டென்ஷன், அவர்கிட்ட முழுசா சொல்லல. பையனுக்கு 19, அவனுக்கு இதெல்லாம் புரியாது. பொண்ணுக்கு 14, ரொம்பப் பொறுப்பு, நான் குளிக்கும்போது கதவுக்கு வெளில ஸ்டூல் போட்டு உக்காந்து படிச்சுக்கிட்டே ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'அம்மா'ன்னு கூப்பிடுவா, நான் 'ம்'னு சொல்லணும். இந்தத் தலைசுத்தலோட எப்படி வாழறதுன்னு சொல்லுங்க.

பதில்: தலைசுத்தல் லெட்டர் வராத மாசமே இந்தப் பகுதிக்குக் கிடையாது. பித்தம்னு ஒருத்தர் சொன்னாரு, கழுத்து எலும்பு தேய்மானம்னு இன்னொருத்தர் சொன்னாரு, ரத்தம் கம்மியா இருக்கும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு ஆரம்பிச்சு, பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு முடியும். நான் சொல்லப் போறதில்ல. உங்க லெட்டரைத் திரும்பப் படிச்சப்போ என் கண்ணு தலைசுத்தல்ல நிக்கல, அந்த ஸ்டூல்ல போய் நின்னுச்சு.

ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கீங்க. அப்போ அந்தப் புள்ளைக்கு 12 வயசு. நீங்க பதினஞ்சு நிமிஷம் குளிக்கறீங்கன்னு வச்சாலும் 180 மணி நேரத்துக்கு மேல அவ அந்தக் கதவுக்கு வெளில உக்காந்திருக்கா. படிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிக் கூப்பிடற புள்ளைக்கு எந்தப் பாடம் ஏறும்? முகத்துல சோப்பு இருந்து என்னிக்காவது நீங்க 'ம்' சொல்ல லேட்டாயிருக்கும். உங்களுக்கு அது நாலு செகண்டு. அவ அதுக்குள்ள எந்திரிச்சிருப்பா, ஸ்டூல் நகர்ற சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும், கேட்டுட்டு 'இருக்கேன்டி'ன்னு சொல்லியிருப்பீங்க. உள்ள அம்மா விழுந்து கெடந்தா முதல்ல யாருக்கு போன் பண்ணணும், தனியா தூக்க முடியுமான்னு எத்தனை தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருப்பாளோ. இதைப் போய் பொறுப்புன்னு ஒரு வார்த்தைல எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. இது காவல் டியூட்டிம்மா. பெரியவங்க பாக்க வேண்டிய டியூட்டி.

வீட்ல நாலு பேரு. ஒருத்தருக்கு டென்ஷன், ஒருத்தனுக்குப் புரியாது. 19 வயசுக்காரனுக்குப் புரியாதது 12 வயசுல அவளுக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுதாம்? நீங்க பழக்கினீங்க, அவ பழகிட்டா, அவனைப் பழக்கல, அவ்ளோதான் விஷயம். வீட்டுக்காரர் கதைக்கு வர்றேன். ஆபீஸ் டென்ஷன் இல்லாத ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. உடம்புக்கு முடியலன்னா முதல்ல தெரிய வேண்டியது கட்டினவருக்கு, இதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயமே கிடையாது. சொல்லாம இருக்கறது அவர் மேல இருக்கற அக்கறைன்னு நீங்க நெனச்சுக்கலாம், எனக்கென்னவோ அவரை வீட்ல வாடகைக்குக் குடியிருக்கறவர் மாதிரி வச்சிருக்கீங்கன்னுதான் தோணுது. அவரும் லேசுப்பட்டவர் இல்ல, பக்கத்துல படுத்திருக்கறவ ரெண்டு வருஷமா மூணு தலகாணில சாஞ்சு தூங்கறா, ஏன்னு ஒரு நாள் கேக்கலியா?

சரி, வியாதிக்கு வருவோம். நான் டாக்டர் இல்ல, நேர்ல பாக்காம யாரும் முடிவு சொல்லவும் கூடாது, ஆனா திரும்பினா சுத்துது, அரை நிமிஷத்துல நிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா எந்த ஈஎன்டி டாக்டருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது பிபிபிவிங்கற காதுக் கோளாறு. உள்காதுல ஒரு எடத்துல கால்சியம் கார்பனேட் துகள், அதான் முட்டை ஓட்டுல இருக்குற அதே சமாச்சாரம், கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். அது பேந்து பக்கத்துல இருக்கற அரைவட்டக் குழாய்க்குள்ள விழுந்துடும். நீங்க தலையைத் திருப்பும்போது அது குழாய்க்குள்ள உருளும், தண்ணி அசையும், காது 'சுத்துறோம்'னு மூளைக்குச் சொல்லும், கண்ணு 'இல்லியே, படுத்துல்ல இருக்கோம்'னு சொல்லும். இந்தச் சண்டைதான் உங்க ராட்டினம். துகள் அடில போய் நின்னதும் சுத்தறதும் நின்னுடும்.

இப்ப நல்லா கவனிங்க, குழாய்க்குள்ள விழுந்த துகளை மாத்திரை வெளில எடுக்காது. சுத்தற உணர்ச்சியையும் வாந்தியையும் மட்டுப்படுத்தற மாத்திரைங்க ரொம்ப மோசமா இருக்கற நாலஞ்சு நாளைக்குத்தான், மாசக் கணக்குல போட்டா மூளை தானா பழகிச் சரிபண்ணிக்கிறதைத்தான் அதுல பல மாத்திரைங்க தாமதப்படுத்தும், மந்தமா வேற இருக்கும், மந்தமா இருந்தா விழுவீங்க. அஞ்சு நாள் சீட்டை ரெண்டு வருஷம் நீட்டுனீங்களே, என்ன தைரியம்! என் பேச்சைக் கேட்டு நீங்களா நிறுத்தவும் வேணாம், அந்த அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. போகும்போது வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க. அவரைத்தான், பொண்ணை இல்ல.

ஏன்னா அங்க ஒரு டெஸ்ட் இருக்கு, டிக்ஸ் ஹால்பைக்னு பேரு, 1952-ல வந்தது. உங்களை உக்கார வச்சு, தலையை ஒரு பக்கமா திருப்பி, சட்டுனு மல்லாக்கப் படுக்க வைப்பாங்க, தலை கட்டில் விளிம்புக்குக் கீழ லேசா தொங்கும். துகள் அந்தப் பக்கம் இருந்தா சில செகண்டுல சுத்த ஆரம்பிக்கும், அப்போ உங்க கருவிழி ரெண்டும் தன்னால வெட்டி வெட்டி இழுக்கும். அதை யாராலயும் நடிக்க முடியாது. வெளில தெரியாத வியாதின்னு எழுதினீங்கல்ல, கண்ணுலயே தெரியும், பக்கத்துல நின்னு அவர் பாக்கட்டும். அதுக்கு முன்னாடி வீட்ல வந்துச்சுன்னா உங்க கண்ணை அவர் போன்ல வீடியோ எடுத்தாக்கூட டாக்டருக்கு உதவும். நீங்க சொன்னா அவர் நம்புவாரோ மாட்டாரோங்கற கவலையே வேணாம்.

எந்தக் காதுன்னு தெரிஞ்சுட்டா எப்லின்னு ஒரு முறை, ஜான் எப்லிங்கற அமெரிக்க டாக்டர் 1980-கள்ல கொண்டு வந்தது. தலையை வரிசையா நாலு நிலையில திருப்பித் திருப்பி, துகளைக் குழாயை விட்டு வெளில உருட்டி விடறது, மொத்தம் அஞ்சாறு நிமிஷ வேலை. நெறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு தடவைலயே நின்னுடுது. வீடியோவைப் பாத்து நீங்களே முதல் தடவை பண்ணாதீங்க, எந்தக் காது, எந்தக் குழாய்னு தெரியாம உருட்டினா வேற குழாய்க்குள்ள போய் உக்காரும், கழுத்துலயோ முதுகெலும்புலயோ கோளாறு இருக்கறவங்களுக்கு இன்னும் வம்பு. டாக்டரோ பிசியோவோ சொல்லிக் குடுத்தப்புறம் வீட்லயே பண்ணிக்கலாம். திரும்ப வரவும் செய்யும் இது, வந்தா திரும்பப் பண்ணணும். விட்டமின் டி கம்மியா இருந்தா அடிக்கடி திரும்பி வருதுங்கறாங்க, அதையும் பாக்கச் சொல்லுங்க.

அரை நிமிஷமா இல்லாம மணிக்கணக்குல சுத்தி, கூடவே ஒரு காது அடைச்சு, இரைச்சல் கேட்டு, காதும் மந்தமானா அது மெனியர்ஸ்ங்கற வேற உள்காது வியாதியா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. பேச்சு குழறினா, ரெண்டு ரெண்டா தெரிஞ்சா, முகமோ கையோ ஒரு பக்கம் மரத்தா, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி வந்தா, பிடிச்சும் நிக்க முடியலன்னா, படுத்துப் பாக்கலாம்னு இருக்காதீங்க, உடனே எமர்ஜென்சி. இது வீட்ல நாலு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும், புரியாதவனுக்கும் சேத்து.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். எந்திரிக்கும்போது மெதுவா எந்திரிச்சு கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காருங்க. ராத்திரி ஒரு சின்ன லைட் எரியட்டும். பரண்ல இருந்து சாமான் எடுக்கறது பையன் வேலை, அண்ணாந்து பாத்துக்கிட்டு நீங்க ஏறவே கூடாது. சுத்தற நாள்ல வண்டி ஓட்டாதீங்க. கழுத்தைத் திருப்பாமலே விறைப்பா நடக்கறவங்க நெறைய பேரு, நீங்களும் அப்படித்தான் இருப்பீங்கன்னு நெனக்கறேன், அது கழுத்தைத்தான் பிடிக்க வைக்கும், துகளுக்கு ஒண்ணும் ஆகாது.

இன்னிக்கு ராத்திரி அவர்கிட்ட சொல்லுங்க. சாப்பிட்டு முடிச்சதும், புள்ளைங்க எதிர்லயே. பொண்ணு காதுல விழணும் அது. நாளைலேருந்து நான் குளிக்கும்போது கதவுக்கு வெளில அப்பா இருப்பாரு, அவர் இல்லாத நேரம் அண்ணன் இருப்பான்னு அவகிட்ட சொல்லுங்க. ரெண்டு நாள் அவ நகர மாட்டா, எதையோ எடுக்க வந்த மாதிரி அந்தப் பக்கமே சுத்துவா. திட்டாதீங்க. உள்ள தாழ்ப்பாள் போடாதீங்க, சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி அடிக்கச் சொல்லுங்க. வெளில இருக்கற அந்த ஸ்டூலைத் தூக்கி உள்ள போட்டு, கால்ல ரப்பர் இருக்கான்னு பாத்துட்டு, அதுல உக்காந்து குளிங்க.