கருப்பு மணல் ஏன் சில பீச்சுல மட்டும் குவியுது?

ஆத்துல அடிச்சிட்டு வர்ற இரும்பு மணல் எல்லா கரையிலயும் சமமா பரவாம சில இடத்துல மட்டும் ஏன் சேருதுன்னு கேட்டிருக்கீங்க. முக்கியமா வெயிட்தான் காரணம். சாதா மணல்ல இருக்குற குவார்ட்ஸோட அடர்த்தி (ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்னு) 2.65, கருப்பு மணல்ல இருக்குற மேக்னடைட்டுங்குற இரும்புத் தாதுக்கு 5-க்கு மேல, அதனால அலை ஏறி இறங்குறப்போ லேசான மணலை இழுத்துட்டுப் போயிடும், கனமானது அங்கயே தங்கிடும், பெரிய அலையடிச்ச மறுநாள் போய் பாத்தா கருப்பு பட்டை பட்டையா தெரியும். ஆத்துக்குள்ளயும் இதே கதைதான், வளைவோட உள்பக்கம், பெரிய கல்லுக்குப் பின்னாடின்னு வேகம் குறையுற இடமா பாத்து படியும்.

நியூசிலாந்து வடக்குத் தீவோட மேற்குக் கரைய எடுத்துக்கோங்க. தாரநாக்கி எரிமலைப் பாறை தேஞ்சு ஆறு வழியா கடலுக்கு வந்து, கரையோர நீரோட்டம் அதை வடக்கால தள்ளித் தள்ளி, மொத்தமா சுமார் 480 கிலோமீட்டருக்கு கருப்பு மணல் கிடக்கு. வைக்காட்டோ ஆத்து முகத்துவாரத்துக்கு வடக்கே அதைத் தோண்டி தண்ணியோட கலந்து 18 கிலோமீட்டர் பைப்புல கிளென்புரூக் ஸ்டீல் ஆலைக்கே அனுப்புறாங்க (லாரி செலவு மிச்சம்!).

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கருப்பு மணல் வேற ரகம். அதுல இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட்ங்குற தாதுதான் அதிகம், மேக்னடைட் மாதிரி சாதா காந்தத்துல அவ்வளவா ஒட்டாது.