கேஎல்ல கிறிஸ்மஸ் மரம் பார்க்க 24 ராத்திரிதான் வரணுமா?

ஈப்போவுல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: டிசம்பர் 24 ராத்திரி கேஎல் (கோலாலம்பூர்) வந்து அந்தப் பெரிய கிறிஸ்மஸ் மரத்தப் பார்க்கணுமாம், கூட ரெண்டு சின்னப் பிள்ளைங்க, முட்டி வலி உள்ள அம்மா, அம்மா சைவம் வேற. மரம் எங்க நிக்குது, காடி (கார்) எடுத்துட்டு வரலாமா?

அக்கா, மொதல்ல அந்த 24ஆம் தேதிய விட்டுடுங்க. நான் ஆளுங்களக் கூட்டிட்டு ஊர் சுத்திக் காட்டுற வேலைல இருக்கேன், சம்பளம் ரெட்டிப்பாக் கொடுத்தாலும் அன்னிக்கு ராத்திரி மால் நெறைஞ்ச புக்கிட் பிந்தாங் பக்கம் போகமாட்டேன். ரோடு முழுக்க இளவட்டங்க, கையில ஸ்ப்ரே டின், வர்றவன் போறவன் தலையிலெல்லாம் நுரை. அவங்களுக்கு அது ஜாலி, தப்பு சொல்லல, ஆனா அது கண்ணுல பட்டா எரியும், நெருப்புக்கிட்டயும் ஆகாது. ஒரு வருசம் என் மாமியாரக் கூட்டிட்டுப் போய், வெள்ளை முடியா நுரையான்னு தெரியாத அளவுக்கு ஆகி, வீட்டுக்குப் போக வாடகைக் காடி கெடைக்காம ஒன்றரை மணி நேரம் நடைபாதையில நின்னோம், இன்னிக்கும் அத சொல்லிக் காட்டுறாங்க.

மரம் ஓடிப் போகாது. கேஎல்ல மரம்னா மால்தான். தீபாவளிக் கோலத்த அழிச்ச கையோட அதே எடத்துல மரம் ஏத்திடுவாங்க, நவம்பர் பாதியிலயே பாதி மால்ல ரெடியா இருக்கும், ஆனா 25 தாண்டி ரொம்ப நாள் வைக்க மாட்டாங்க, சீனப் பெருநாளுக்குச் சிவப்பு விளக்கு தொங்கவிட எடம் வேணுமே. அதனால டிசம்பர் மொத ரெண்டு வாரத்துல ஒரு செவ்வாய், புதன் பார்த்து வாங்க. அதே மரம், அதே லைட்டு, கூட்டம் மட்டும் கொறைவு.

காடி வேணாம். ஈப்போவுல இருந்து ஈடிஎஸ் ரயில் ரெண்டரை மணி நேரம், கேஎல் சென்ட்ரல்ல எறங்கினா நம்ம இந்தியக் கடைங்க இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துலயே இருக்கு, அம்மாவுக்கு வாழையிலைச் சாப்பாடு அங்கயே முடிச்சிடுங்க, ஏன்னா மால் ஃபுட்கோர்ட்ல சைவம் தேடி அலைஞ்சா முட்டி போயிடும். அப்புறம் கிளானா ஜெயா லைன் எல்ஆர்டி (நகர ரயில்) ஏறி அஞ்சாவது ஸ்டேஷன் கேஎல்சிசி, ரெட்டைக் கோபுரம் இருக்கிற எடம், அங்க எறங்கினா அண்டர்கிரவுண்ட் வழியாவே சூரியா மாலுக்குள்ள போயிடலாம், வெயிலும் கெடையாது மழையும் கெடையாது.

மழைய ஏன் சொல்றேன்னா, டிசம்பர்ல கேஎல்ல மத்தியானம் மூணு நாலு மணிக்கு மேல கொட்டுறது சகஜம், அதனால அந்த நேரத்துல மால் உள்ளயே இருந்து மரத்தப் பாருங்க. கீழ மரத்தடியில போட்டோவுக்கு வரிசை நிக்கும், நீங்க லிஃப்ட்ல மேல் மாடிக்குப் போய் கைப்பிடி ஓரமா நின்னு பாருங்க, நுனி ஸ்டார்ல இருந்து அடி வரைக்கும் ஒரே பார்வையில தெரியும், பிள்ளைங்களையும் அங்க இருந்தே படம் எடுக்கலாம். கிறிஸ்மஸ் தாத்தா கூட போட்டோ எடுக்க சில மால்ல இத்தனை ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கின ரசீது கேப்பாங்க, வரிசையில நிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க, இல்லாட்டி பிள்ளைங்க அழுகைய நீங்கதான் சமாளிக்கணும்.

டிசம்பர்ல இங்க இருட்ட ஏழே கால் ஆயிடும். அதுக்கு முன்னாடி வெளிய லைட் அலங்காரம் பார்க்கிறது வேஸ்ட். ஏழே காலுக்கு பார்க் பக்கம் வந்து பெஞ்சுல உட்காருங்க, மழை விட்டிருந்தா எட்டு மணிக்குக் குளத்துல கலர் ஃபவுண்டன் ஆடும், மேல ரெட்டைக் கோபுரம் 452 மீட்டருக்கு நிக்கும், சொல்லப்போனா பிள்ளைங்களுக்கு மரத்த விட இதுதான் புடிக்குது.

புக்கிட் பிந்தாங்ல இருக்கிற பெவிலியன் மால் மரமும் பார்க்கணும்னா கேஎல்சிசில இருந்து ஏசி நடைபாலம் ஒன்னு போகுது, ஆனா அது ஒரு கிலோமீட்டருக்கு மேல, அம்மாவ நடக்க வைக்காதீங்க. நமக்குக் காசில்லாத கோகேஎல் பஸ், பச்சை லைன், அந்தப் பக்கம் போகும். அம்மா களைச்சுப் போயிருந்தா பெவிலியனையே விட்டுடுங்க, ஒரு மரம் போதும். டிஆர்எக்ஸ் மாலும் சொல்றாங்க எல்லாரும், எம்ஆர்டி ரயில்ல புக்கிட் பிந்தாங்குக்கு அடுத்த ஸ்டேஷன், ஆனா ஒரே நாள்ல மூணும்னா யாருக்கும் எதுவும் மனசுல நிக்காது.

அம்மாவுக்கு 24 ராத்திரிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா, மால விட்டுட்டு சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. புடு பக்கம் ராபர்ட்சன் ரோட்டு அந்தோணியார் கோயில் நம்ம தமிழ் ஆளுங்களோடது, தமிழ்ப் பூசை நேரம் மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்குங்க. குடில் பக்கத்துல போய் நின்னு பார்க்கலாம். புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான்ஸ் கதீட்ரலும் அழகுதான், ஆனா மேடு ஏறணும். நீங்க இந்துவா இருந்தாலும் பூசையில உட்காரலாம், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, நன்மை (பூசையில கொடுக்கிற அப்பம்) கொடுக்கிற நேரத்துல மட்டும் வரிசையில போகாம எடத்துலயே இருங்க. பெரிய பேக் தூக்கிட்டுப் போகாதீங்க, வாசல்ல செக் பண்ணா லேட்டாகும்.

திரும்பிப் போற ஈடிஎஸ் டிக்கெட்ட வர்ற டிக்கெட்டோடவே எடுத்துடுங்க, வருசக் கடைசியில அதுதான் மொதல்ல தீரும்.